சம்மதம் என்கிறார்

பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், பள்ளிக்கூடத்து அக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். அக்கா டீச்சர் இல்லை. டீச்சராகும் அளவுக்குப் படிக்கவும் இல்லை. டவுன்காரர்களின் மொழியும் தெரியும், அந்தப் பக்கத்து மொழியும் தெரியும்; அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பள்ளிக்கூடம் அவளை உட்கார வைத்திருந்தது. டவுன்காரர் சொல்வதை வாங்கித் தன் ஆட்களிடம் கொடுப்பாள். தன் ஆட்கள் சொல்வதை வாங்கி அவர்களிடம் கொடுப்பாள். கேட்க லேசான வேலைதான். வாங்கியதை வாங்கியபடியே கொடுத்தால் இரண்டு பக்கமும் சண்டை வரும் என்பது செய்துபார்த்தவளுக்குத்தான் தெரியும்.

அந்தப் பக்கத்து ஆட்கள் சாயப்பட்டறை வேலைக்காக வந்தவர்கள். வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே செத்தும் போகிறார்கள். பெயர் என்னவோ இன்னும் ‘வந்தவர்கள்’தான். பள்ளிக்கூடம் மட்டும் பொது. சின்ன வகுப்புகளில் டவுன் பிள்ளைகளும் பாலத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ரப்பருக்கு அடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் அவர்களை இரண்டாகப் பிரிக்கும். முதல் பிரிவு மாடிக்குப் போகும், அங்கிருந்து கல்லூரிக்கு. தொழிற்பிரிவு பின்கட்டுக்குப் போகும். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம் அது. உள்ளே வரிசையாக மெஷின்கள், அரம் போடும் மேஜைகள். அங்கே போன பிள்ளை நேரே பட்டறை வாசலில்தான் வெளியே வரும். அதற்குள் போய்விட்டுக் கல்லூரி வாசலை மிதித்தவர் என்று ஒருவரையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

எந்தப் பிள்ளையையும் பெற்றவர் சம்மதம் இல்லாமல் பின்கட்டுக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நல்ல விதிதான். எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். பெற்றவர் ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை மாடிக்குப் போய்விடும். டவுன்காரர்களுக்கு இது அத்துப்படி. அவர்கள் பிள்ளையைத் தொழிற்பிரிவு என்று வாய்தவறிச் சொன்னாலே அப்பாக்கள் தலைமை ஆசிரியையின் மேஜையைத் தட்டிப் பேசுவார்கள் என்பதால், மார்க் சுமாராக இருந்தாலும் அவர்களை யாரும் கூப்பிடுவதே இல்லை. கூப்பிடுவது பாலத்துக்காரர்களைத்தான்.

அக்கா வேலைக்கு வந்த முதல் வருஷம், சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். “உங்க பையனுக்குப் படிப்பு ஏறாதுன்னு சொல்றாங்க” என்றாள் ஒரு தகப்பனிடம். அவர் தலைமை ஆசிரியைக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், தெருவே கூடும்படி பையனை அடித்து நொறுக்கினார். அந்தச் சத்தம் அக்காவின் காதைவிட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் பூசி மெழுக ஆரம்பித்தாள். “கைத்தொழில் கத்துக் குடுப்பாங்க. சீக்கிரமே சொந்தக் கால்ல நிப்பான்” என்பாள். பெற்றவர் முகம் மலரும். தலை ஆடும். அக்கா தலைமை ஆசிரியை பக்கம் திரும்பி, “சம்மதம் என்கிறார்” என்பாள். கதை முடிந்தது. அடுத்தவர் வரலாம்.

அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் பேசினால் எதிரில் இருப்பவர் தலையாட்டிக்கொண்டே கேட்க வேண்டும். ‘நீங்கள் பேசுங்கள், கேட்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் அப்படித்தான் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு வெளியே வந்து திட்டுவார்கள். ஆட்டாமல் உட்கார்ந்திருந்தால் திமிர் பிடித்தவர் என்று பெயராகிவிடும். டவுனிலோ தலையாட்டினால் சரி என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். இந்த இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அக்காதான். தெரிந்துதான் ‘சம்மதம் என்கிறார்’ என்று சொன்னாள். வேண்டாம் என்று மறுக்கலாம் என்ற விதியைச் சொல் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை. மறுத்தால் வாக்குவாதம் வரும், வாக்குவாதத்தை இரண்டு மொழியிலும் அவள்தான் சுமக்க வேண்டும். வருஷா வருஷம் அவள் வேலை நீள்வதும் தலைமை ஆசிரியையின் ஒரு வார்த்தையில்தான் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தபின் தம்பி வீட்டில் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருப்பவளுக்கு அந்த வார்த்தை பெரிய வார்த்தை.

இந்த வருஷம் வினை தம்பி வீட்டுக்கே வந்தது. வகுப்பு வாத்தியார் நடையில் அவளை நிறுத்தி, நாளைக்கு உங்கள் தம்பி மகளும் வருகிறாள், உங்களுக்கு வேலை சுலபம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

தம்பி மகளுக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். காலையில் வெடிக்க ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அதே பிள்ளை நனைந்த பட்டாசு. பெரியவர்கள் கேட்டால் குனிந்த தலை நிமிராமல் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். அவளும் அப்படியே நடந்தாள். மக்கு என்று வாத்தியார் முடிவு கட்டிவிட்டார். அவள் மேதை ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நடுவாந்திரமான மார்க். பல் டாக்டர் மகனுக்கும் அதே மார்க்தானே, அவன் மாடிக்குத்தானே போகிறான் என்று அக்கா மென்று விழுங்கிக் கேட்டாள். வாத்தியார் கோபப்படவில்லை. அவன் வீட்டில் படித்தவர்கள் இருக்கிறார்கள், எப்படியாவது தூக்கி விட்டுவிடுவார்கள், இந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்றார். நல்ல மனுஷர். அவள் கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொல்கிறார். அக்காவும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

சாயங்காலம் வீட்டில் தம்பி இல்லை, பட்டறையில் ஷிப்ட். தம்பி பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஹோட்டல் விரிப்புகளை நாள் முழுக்க மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வீட்டுத் துணியை மடிப்பவள். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருந்தது. பட்டாசு பக்கத்து வீட்டில் தையல்காரி மகளோடு விளையாடுகிறேன் பேர்வழி என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நடுவில் சுவரே இல்லாத மாதிரி இங்கே கேட்டது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“நாளைக்கு அந்த ரூம்ல நீ தலையாட்டவே கூடாது.”

“ஏன் அண்ணி?”

“ஆட்டாதேன்னா ஆட்டாதே. எனக்கு இதுல இஷ்டமில்லன்னு மட்டும் சொல்லு.”

“பெரிய டீச்சர் பேசறப்போ மரம் மாதிரி உக்காந்திருக்கறதா? என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்றாள் அக்கா. தம்பி பெண்டாட்டி மடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். தொழிற்பிரிவு நல்லதுதானே, நீங்களே எல்லோரிடமும் அப்படித்தானே சொல்வீர்கள், தையல்காரி மகன்கூட அங்கேதானே போனான் என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்போதாவது அக்கா உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இங்கே தும்மினால் தையல்காரி அங்கிருந்து நூறு வயசு என்பாள். அவள் காதில் விழுந்தால் விடிவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். அந்தத் தெருவில் எத்தனை தாய்மார்! ஒவ்வொருத்தியும் வாசலில் வந்து நின்று, ‘என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னாய்’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

“நம்ம பட்டாசுக்கு அது ஒத்துவராதும்மா” என்று மட்டும் சொன்னாள். தம்பி பெண்டாட்டி சரி அண்ணி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியையின் அறை சின்னது. ஒரு மேஜை, அந்தப் பக்கம் அவரும் வாத்தியாரும், இந்தப் பக்கம் தாய்க்கும் பிள்ளைக்கும் இரண்டு நாற்காலி. மேஜையின் ஓரத்தில் அக்காவின் நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் மெஷின் சத்தம் வருகிறது என்று எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். வெளியே நடையில் பாலத்துக்காரர்கள் இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார்கள். முதல் ஆளே தம்பி பெண்டாட்டிதான். அவளுக்கு அடுத்து தையல்காரி, தன் மகளோடு.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். பிள்ளை அடக்கமானவள், கைப்பாங்கு இருக்கிறது, மேலே அனுப்பி அவள் திணறுவதைப் பார்க்க எங்களுக்கு மனசில்லை, பின்கட்டில் சந்தோஷமாக இருப்பாள் என்று நிதானமாகச் சொன்னார். அக்கா திரும்பித் தன் மொழியில் சொன்னாள். வேலைக்கு வந்த முதல் வருஷத்துக்கு அப்புறம் இன்றுதான் பூசாமல் மெழுகாமல் சொன்னாள்.

“இவளைப் பின்கட்டுக்கு அனுப்பணுங்கறாங்க. அங்க போனா மேல படிக்க முடியாது. நீ வேணாம்னா அனுப்ப மாட்டாங்க.”

தம்பி பெண்டாட்டி அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கழுத்தை விறைத்துக்கொண்டு, கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமை ஆசிரியை பேசப் பேச நெற்றியில் வேர்வை பூத்தது. ஒரு பெரியவர் பேசும்போது தலையாட்டாமல் இருப்பது அவள் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். விக்கலை அடக்குகிறவள் மாதிரி இருந்தாள். அக்கா மனசுக்குள், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கெஞ்சினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது அவள் வாயில் வரவில்லை. டவுன்காரர் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையை அவள் எந்த நாளும் சொன்னதில்லை.

உடம்புக்கு ஆகவில்லையோ என்று தலைமை ஆசிரியை பயந்துவிட்டார். எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். தன் கையாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தோளில் கைவைத்து, “புரியுதாம்மா?” என்று அவள் முகத்தருகே குனிந்து கேட்டார். டவுனில் யாரும் அவளைத் தொட்டதில்லை. யாரும் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தலை தானாகவே ஆடிவிட்டது. ஒரு தரம் இல்லை, நிறுத்த முடியாமல் ஆடியது.

தலைமை ஆசிரியை நிம்மதியாகத் தன் நாற்காலிக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். வழக்கம்போல அக்காவைப் பார்த்தார். அக்கா அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை.

“அது சம்மதம் இல்லைங்க” என்றாள் டவுன் மொழியில். “பெரியவங்க பேசினா எங்க ஆளுங்க தலையாட்டுவாங்க. கேக்கறேன்னு அர்த்தம். ஒத்துக்கறேன்னு இல்ல.”

பேனா மேஜையில் உட்கார்ந்தது. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். தலைமை ஆசிரியை எதையோ மெதுவாகக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அக்கா என்ன சொல்லிவிட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது.

“அப்போ இத்தனை வருஷமா?” என்றார் தலைமை ஆசிரியை.

அவர் கத்தவில்லை. குரல் இன்னும் தணிந்துதான் போனது. இத்தனை வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள் யாருமே சம்மதிக்கவில்லை என்றால், எல்லோரையும் நான் திரும்பக் கூப்பிட வேண்டும். மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள், என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று விசாரிப்பார்கள். எனக்கும் பதில் சொல்ல முடியாது, உங்களுக்கும் முடியாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் பேனாவை விரலால் நகர்த்திக்கொண்டே, “இல்ல, இவங்க மட்டும்தான் இப்படியா?” என்று கேட்டார். கேள்வியைக் கேட்கும்போதே பதிலையும் கையில் கொடுத்துவிட்டார். வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாத்திய ஜன்னலைத் தாண்டியும் மெஷின் சத்தம் லேசாக வந்தது. அங்கே அரம் போடுகிற பிள்ளைகளை அக்காவுக்கு முகம் முகமாகத் தெரியும். அவர்களுடைய தாய் தகப்பன் இதே இடத்தில் எப்படிச் சிரித்தார்கள், எப்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதும் தெரியும். ஆமாம், எல்லோரும்தான் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கும் மாடிக் கதவு திறக்கலாம். திறக்காமலும் போகலாம். நிச்சயமாக நடப்பது ஒன்றே ஒன்று, தெருவில் அவள் தலைகாட்ட முடியாது, வேலை போகும், பட்டாசின் பெயரும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக விசாரணையில் போய்விடும். இவள் மட்டும் என்று சொன்னால் பட்டாசு இப்போதே மாடிக்கு.

கோழை என்று யாராவது அவளைச் சொல்வதானால் சொல்லிக்கொள்ளட்டும். தம்பி மகளின் சின்னக் கை நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

“இவங்க மட்டும்தாங்க” என்றாள். “மத்தவங்க எல்லாரும் சம்மதிச்சுத்தான் குடுத்தாங்க.”

தலைமை ஆசிரியை மூச்சை விட்டார். நல்லது, அப்படியானால் இந்தப் பெண் முதல் பிரிவுக்குப் போகட்டும், அத்தை வீட்டிலேயே இருக்கும்போது படிப்புக்கு என்ன குறை என்று சிரித்தார். பல் டாக்டர் மகனுக்குக் கிடைத்தது இவளுக்கும் அவ்வளவு சீக்கிரமாகக் கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு லேசானது என்று அக்கா இப்போதுதான் பார்த்தாள்.

தம்பி பெண்டாட்டிக்கு நடந்தது எதுவும் புரியவில்லை. தப்புப் பண்ணிவிட்டேனா அண்ணி, தலை ஆடிவிட்டதே என்று பதறினாள். இல்லை, பிள்ளை மாடிக்குப் போகிறாள் என்று அக்கா சொன்னதும் அப்படியே குனிந்து அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பட்டாசு எழுந்து நின்றாள். அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தபோது வெளியே பெஞ்சில் தையல்காரி மகள் கால் ஆட்டிக்கொண்டு இவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள். பட்டாசு அவளைத் தாண்டி நேரே நடந்தாள்.

தையல்காரி உள்ளே வந்தாள். மகளும் பட்டாசும் ஒரே மார்க், ஒரே பெஞ்ச். மூத்தவன் ஏற்கெனவே பின்கட்டில். அவள் உட்காரும்போதே அக்காவைப் பார்த்து, “நீங்க இருக்கறப்போ எனக்கு என்ன கவலை” என்று சிரித்தாள். தலைமை ஆசிரியை வாயைத் திறந்த உடனே தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இவளும் சம்மதிக்கவில்லை என்று சொல்லலாமா? அக்கா ஒரு கணம் யோசித்துத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், இவர்கள் மட்டும்தான் என்று சொன்ன வாய் இது. அந்தக் கதவில் ஆணியை அடித்தது அவளேதான். தலைமை ஆசிரியை பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. இனி ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் பார்ப்பார்.

“கைத்தொழில் கத்துக் குடுப்பாங்க” என்று அக்கா தன் மொழியில் சொன்னாள். “சீக்கிரமே சொந்தக் கால்ல நிப்பா.”

தையல்காரியின் முகம் மலர்ந்தது. தலை ஆடியது.

“சம்மதம் என்கிறார்” என்றாள் அக்கா, டவுன் மொழியில்.

“என்னக்கா சொன்னீங்க அவங்ககிட்ட?” என்று தையல்காரி ஆசையாகக் கேட்டாள்.

“நீ நன்றி சொல்றதாச் சொன்னேன்.”

தையல்காரியின் மகள் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தாள். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை. நன்றாக வளர்த்த பிள்ளையும்கூட. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.